புள்ளியும் கோடும் கணினியும்

கணினியில் கலை பிறக்குமா என்று ஐயுறுவோர் ஒரு புறமும், கணினியில் பிறந்ததெல்லாம் கலையே என்று கைகொட்டுவோர் மறுபுறமுமாக நம்மிடையே இரு கட்சியார் இருக்கின்றனர். இரு சாராரும் படைப்பின் முன் நின்று பார்ப்பதில்லை என்பதே எமது அபிப்பிராயம்.

பார்ப்பவர் கையசைத்தால் திரை மறுமொழி சொல்லும் படைப்புகள் மாணவர் கண்காட்சிகளில் இப்போது மலிந்து வருகின்றன. அமெரிக்காவில் மைரன் குரூகர் என்பவர் 1970-களிலேயே பார்ப்பவரின் நிழலுருவைத் திரையில் ஏற்றி, அதனோடு விளையாட விட்டார். 2001-இல் கேசி ரியாஸ், பென் ஃப்ரை என்னும் இருவர், ஓவியம் பயில்வோரும் நிரல் எழுத வேண்டுமென்று ‘புராசசிங்’ என்னும் கருவியை இலவசமாகவே வெளியிட்டனர். ஆதலின் ஒரு பழைய கணினி வாய்த்தால் தோட்டத்துப் பிள்ளைக்கும் வழி அடைபடவில்லை. அவ்வழியில் நம் மாணவர் எதை எடுத்துச் செல்கின்றனர்?

பலர் கோலத்தை எடுத்துச் செல்கின்றனர். எங்கிருந்தோ ஒரு கோலப் படத்தை எடுத்து ஒட்டி, கை நீட்டினால் நிறம் மாறும்படி செய்துவிடுகின்றனர். இதற்குக் கணினி எதற்கு? மின்விளக்கின் சுவிட்சு போதுமே!

கோலத்தினுள் இருப்பது படமன்று; விதி. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர்களான கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும், கமலா கிருத்திவாசனுடன் சேர்ந்து, கோலத்தை இலக்கண விதிகளாக எழுதலாமென்று 1974-இல் வெளியிட்ட ஆராய்ச்சிக் கட்டுரையில் காட்டினர். எழுத்தறியாப் பெண்கள் வாசலில் வளர்த்த அறிவு அவ்வாறு கணினி விஞ்ஞானத்தின் பொருளாயிற்று.

அண்மையில் யாம் கண்ட மாணவி ஒருத்தியின் படைப்பு இவ்வகையில் மேலானது. விரலால் புள்ளி வைத்தால், கம்பிக் கோலத்தின் கோடு தானே அவற்றைச் சுற்றி வளைந்தோடுகிறது. மூன்று வரிசையில் நான்கு நான்கு புள்ளி வைத்தோம். ஒரே கோடு எல்லாவற்றையும் சுற்றி வந்து மூடிக்கொண்டது. நான்கு வரிசையாக்கினோம், நான்கு தனித்தனிக் கோடுகளாயின. வரிசைக்கும் புள்ளிக்குமுள்ள பொதுக் காரணிகளில் பெரியது எதுவோ, அத்தனை கோடுகள். இக்கணக்கைச் சொல்லால் விளக்காமல் விரலுக்கே உணர்த்தியது அப்பெண்ணின் கெட்டிக்காரத்தனம்.

ஆயினும் ஒரு குறை. பால்மரம் வெட்டி ஓய்ந்த பாட்டி ஒருவர் அருகில் நின்றிருந்தார். “இங்கே குறுக்கே போகாம திருப்பி விடு பாப்பா, ஒண்ணாயிடும்” என்று திரையில் மூன்று இடங்களைத் தொட்டுக் காட்டினார். அவர் சொன்னது முற்றும் சரி. இரு கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் விலக்கித் திருப்பினால் இரண்டும் ஒன்றாகும். மூன்று திருப்பத்தில் நான்கும் ஒன்றாகும். திரையோ அவர் தொட்ட இடத்திலெல்லாம் புதுப் புள்ளியொன்றை வைத்தது! யாவருடனும் உரையாடுவதாக அறிவிப்புப் பலகையில் எழுதியிருந்த அப்படைப்பு, விஷயம் தெரிந்தவர் பேசியபோது செவிடாகி நின்றது. கருவியை ஆக்கியோர் பெயரெல்லாம் அப்பலகையில் கண்டிருந்தது. கோலம் கற்பித்தவள் பெயரைக் காணோம். இது மறதியென்று யாம் கொள்ளவில்லை, பழக்கம்.

மாணவி பாட்டியை உட்காரவைத்து, அம்மூன்று இடங்களையும் தாளில் குறித்துக்கொண்டாள். திருப்பம் வைக்கவும் விரல் இடங்கொடுக்குமாறு நிரலைத் திருத்தி வருகிறாளென்று கேள்வி. திருத்திய பின் மற்றொரு முறை பார்க்க எண்ணியிருக்கிறோம். ஆறுக்கு ஆறு புள்ளி வைத்துச் சோதிக்க வேண்டும்.