இரவலா, உரிமையா?

காரைக்காலை அடுத்த கடற்கரையூர் திருவேட்டக்குடி. அருச்சுனனின் தவத்தைச் சோதிக்க இறைவன் வேடனாய் வந்த கதை, பாரதத்தில் இமயச் சாரலில் நிகழ்வது. இவ்வூர்த் தலபுராணமோ அதைத் தன் மண்ணிலேயே நிகழ்ந்ததாகச் சொல்கிறது. மாசிமகத்தில் வேடமூர்த்தி கடற்கரைக்கு எழுந்தருளுகிறார். மலைக்கதை நெய்தலுக்கு வந்துவிட்டது. இதை எவரும் களவு என்பதில்லை.

ஆயினும் இக்காலப் படைப்பாளி பழைய இலக்கியத்தைக் கையிலெடுத்தால், ‘இரவல்’ என்ற சொல் உடனே எழுகிறது. அவர் முஸ்லிமாகவும் இருந்துவிட்டால், ‘இவருக்கு என்ன உரிமை?’ என்ற கேள்வியும் உடன் வருகிறது. இக்கேள்விக்கு உமறுப் புலவர் பதினேழாம் நூற்றாண்டிலேயே விடை தந்துவிட்டார். சீறாப்புராணத்தின் நாட்டுப்படலத்தில் அரபு நாடு ஆறும் வயலும் கொழிக்கும் மருதமாகக் காட்சி தருகிறது. காப்பிய மரபைக் கம்பரிடம் பெற்றவர், அதில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வைப் பாடினார். பெற்றது மரபு, படைத்தது புதிது.

நம் காலத்துச் சான்று கீழக்கரையில் பிறந்த இன்குலாப். அவரது ‘ஔவை’ நாடகம் 1998இல் அ. மங்கையின் இயக்கத்தில் மேடையேறியது. ஔவை என்றதும் கோலூன்றிய மூதாட்டியே நம் நினைவுக்கு வருகிறார். 1953இல் வெளிவந்த ‘ஔவையார்’ திரைப்படம் அவ்வுருவை மேலும் ஆழப் பதித்தது. இன்குலாப் காட்டியதோ ஊர் ஊராய்ச் சென்று பாடிய இளம் பாண்மகளை. இது வெறுங்கற்பனை அன்று. புறநானூற்றிலேயே அவர் விறலி என விளிக்கப்படுகிறார். அதியமானோடு கள்ளுண்டதையும் அவரே பாடுகிறார். மூலத்தை மீறியதாகத் தோன்றும் நாடகம், உண்மையில் மூலத்துக்கே திரும்பியிருக்கிறது.

எனினும் ஓர் ஐயம் எழுகிறது. சங்க ஔவையை மீட்கும் ஆர்வத்தில், ஆத்திசூடி தந்த பிற்கால ஔவையை நாம் சிறுமைப்படுத்திவிடக் கூடாது. தமிழ்க் குழந்தைகளுக்கு அறிவு புகட்டிய அந்த மூதாட்டியும் மக்கள் மரபு ஈன்றவரே. இருவரையும் வேறுபடுத்தி அறிதல் ஆய்வு. ஒருவரைக் கொண்டு மற்றவரை மறைத்தல் அநீதி.

பழையதைத் தொடும் உரிமை பிறப்பால் வருவதன்று, வாசிப்பால் வருவது. மூலத்தை ஊன்றிக் கற்றவர் எதை மாற்றினாலும் அது ஆக்கமாகிறது. கற்காதவர் எதையும் மாற்றாமல் எடுத்துரைத்தாலும் அது இரவலே.