நீற்றறையும் திருவடி நிழலும்

தாம்பரத்தைச் சூழ்ந்த தென்சென்னைப் புறநகர்ப் பகுதியில் திருநாவுக்கரசர் வரலாற்றோடு தொடர்புடைய ஊர்கள் இரண்டு உள. ஒன்று பல்லாவரம், அங்குள்ள குடைவரை முதலாம் மகேந்திரவர்மனின் விருதுப்பெயர்களைத் தாங்கி நிற்பது. நாவுக்கரசரை ஒறுத்த பல்லவன் அம்மன்னனே என்பது ஆய்வாளர் பலர் கொள்கை. மற்றொன்று, அவ்வொறுப்பைக் காப்பியமாக்கிய சேக்கிழார் பிறந்த குன்றத்தூர். 7ஆம் நூற்றாண்டு அடியார்க்கும் 12ஆம் நூற்றாண்டுக் காப்பியத்திற்கும் இடையே ஏறத்தாழ 500 ஆண்டுகள் உள்ளன. ஆதலின், இடுக்கண் வந்துற்ற காலத்து நாவுக்கரசர் இறைவன்பால் கொண்ட நம்பிக்கை எத்தகையது என ஆராயப் புகும் நாம், அடியார் வாக்கையும் புலவர் வாக்கையும் வேறுபிரித்துக் காண்டல் வேண்டும்.

கல்லோடு பிணிக்கப்பெற்று நீரில் தள்ளப்பட்ட செய்தியை, நாவுக்கரசரே திருநீலக்குடிப் பதிகத்தில் தமக்கு நேர்ந்ததாகக் குறிப்பிடுகின்றார். அதற்கு அகச்சான்று உண்டு. நீற்றறைச் செய்தியோ அத்தகையதன்று. அவ்வமயம் பாடியதாக மரபு கொள்ளும் ஐந்தாம் திருமுறைக் குறுந்தொகைப் பதிகத்தில் நீற்றறை பற்றிய குறிப்பு யாண்டும் இல்லை. யாழிசை, நிலவு, தென்றல், இளவேனில், பொய்கை ஆகியவற்றை அடுக்கி, இவை போன்றது இறைவன் திருவடி நிழல் என்பதே அதன் முதற்பாட்டின் கருத்து. சேக்கிழாரோ அவ்வுவமைகளையே எடுத்துக்கொண்டு, கொதிக்கும் நீற்றறையே அவ்வாறு குளிர்ந்தது எனப் பாடுகின்றார்.

இவ்வேறுபாடு சிறிதன்று. முன்னதில் குளிர்ச்சி திருவடிக்கு உரியது. பின்னதில் நீற்றறைக்கு உரியதாகின்றது. அகத்தே நுகர்ந்த அமைதி புறத்தே நிகழ்ந்த அற்புதமாக மாறுகின்றது. திருவதிகையில் சூலை நோயால் வருந்தியபோது துயர் நீக்குமாறு இரந்தவர் நாவுக்கரசர். அவரே இப்பதிகத்தில் தம் துயர் தீருமாறு எதனையும் வேண்டினாரல்லர். ஐந்தெழுத்தைப் போற்றும் நான்காம் திருமுறைப் பதிகத்திலும், கல்லில் கட்டிக் கடலில் இட்டாலும் அத்திருப்பெயரே துணை என்கின்றார். ‘இட்டாலும்’ என்னும் அப்பொருள் உறுதியைக் காட்டுமேயன்றி, பேரத்தைக் காட்டாது.

அங்ஙனமாயின், சேக்கிழார் நம்பிக்கையை விளைவுகொண்டு அளந்தாரோ எனின், அன்று என்க. அடியார் வேடம் பூண்டு வந்த முத்தநாதனால் குத்துண்ட மெய்ப்பொருள் நாயனார், உயிர் பிரியும் நிலையிலும், பகைவனை இடையூறின்றி ஊர் எல்லை கடத்திவிடுமாறு தத்தனை ஏவினார். அவர்தம் உடல் காக்கப்பெறவில்லை. எனினும் நாவுக்கரசரோடு ஒப்ப அவரும் போற்றப்பெறுகின்றார். நீற்றறையினின்று மீண்டவரையும் வாளால் வீழ்ந்தவரையும் ஒரே காப்பியத்துள் வைத்த புலவர், உயிர் பிழைத்தலை அருளின் அளவுகோலாகக் கொண்டார் எனல் பொருந்தாது.

அற்புதங்களை மட்டும் எண்ணிப் பெரியபுராணத்தைப் பயில்வார், துன்பம் நீங்காத அடியார்க்கு அருள் கிட்டவில்லையோ என மயங்க இடமுண்டு. மெய்ப்பொருளார் வரலாற்றை நாவுக்கரசர் வரலாற்றோடு இணைத்துக் கற்பின் அம்மயக்கம் நீங்கும். இறைவன் ஆற்றலில் கொண்ட நம்பிக்கையாவது, துன்பம் வாராது என்னும் துணிபன்று; வரினும் நெஞ்சு நிலைகுலையாது என்னும் துணிபே என்பது நம் கருத்து.