வெண்பாவின் அடுப்படி: கணினி விளையாட்டும் பெண் அனுபவமும்

கணினி விளையாட்டொன்றைக் கலைப்படைப்பாகக் கொண்டு விமர்சிக்கலாமா என்று ஐயுறுவோர் நம்மிடையே இன்னும் உளர். நாவலும் சினிமாவும் தமிழிலே தோன்றிய காலத்தில் அவையும் இத்தகைய ஐயத்துக்கு ஆளாயின. ஆகவே அதற்கு விடைகூறுவதிற் பக்கங்களைச் செலவிடாது நேரே பொருளுக்கு வருதல் நன்று.

2023 ஆம் ஆண்டு யூலை மாத இறுதியில் ‘வெண்பா’ என்னும் கணினி விளையாட்டு வெளிவந்தது. கனடாவின் ரொறன்ரோ நகரைச் சேர்ந்த விசை கேம்ஸ் என்ற சிறு நிறுவனம் இதனை ஆக்கியது. இதன் நெறியாளர் அபி என்பவர். 1980களின் பிற்கூற்றிலே இந்தியாவிலிருந்து கனடாவிற் குடியேறிய வெண்பா என்னும் தமிழ்ப் பெண், அவள் கணவன் பாவலன், அங்கே பிறக்கும் மகன் கவின் ஆகிய மூவருமே இதன் பாத்திரங்கள். ஆட்டக்காரர் செய்வதெல்லாம் சமைப்பதுதான். இட்லி, புட்டு, பிரியாணி என்று ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் ஓர் உணவுண்டு. முழு ஆட்டமும் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். 2024 இல் பிரித்தானியத் திரைப்பட, தொலைக்காட்சிக் கலைக்கழகத்தின் சிறந்த முதற்படைப்புக்கான பரிசும், சுயாதீன விளையாட்டு விழாவின் தலைமைப் பரிசும் இதற்குக் கிடைத்தன.

பெண்களையும் சிறுமியரையும் கவரும் விளையாட்டை ஆக்குவது எவ்வாறு என்ற வினா, நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இத்துறையிலே கேட்கப்பட்டு வருகின்றது. வெண்பா அவ்வினாவுக்கு விடைகூறும் நோக்குடன் எழுந்ததன்று. எனினும் இதுவரை கிடைத்த விடைகளுள் மிகத் தெளிவானதொன்று அதனிடத்தே உண்டு. அவ்விடையின் குறையும் அங்கேயே உண்டு. இவ்விரண்டையும் விளங்கிக்கொள்வதற்கு முந்திய முயற்சிகள் சிலவற்றை நோக்குதல் வேண்டும்.

1980 இல் யப்பானின் நாம்கோ நிறுவனம் ‘பக்மான்’ ஆட்டத்தை வெளியிட்டது. காசு போட்டு ஆடும் பொறிகள் நிறைந்த அக்காலத்துக் கூடங்கள் ஆண்கள் கூடும் இடங்களாயிருந்தன. திரையில் நிகழ்ந்தவையும் பெரும்பாலும் சுடுதலும் அழித்தலுமே. பெண்களும் அங்கு வரத்தக்கதாக ஓர் ஆட்டத்தைச் செய்ய விரும்பிய தோறு இவாத்தானி, பெண்களுக்கு விருப்பமானது யாதெனச் சிந்தித்து ‘உண்ணல்’ என்ற கருவைத் தெரிந்தெடுத்ததாகப் பின்னர் நேர்காணல்களிற் கூறியுள்ளார். ஆட்டம் உலகப் புகழ் பெற்றது. ஆனால், பெண்கள் உண்பதில் விருப்பமுடையோர் என்பது ஒரு கண்டுபிடிப்பாயின், உண்பதில் விருப்பமில்லாத ஆண்கள் எவ்வூரில் உளர் என்று கேட்கத் தோன்றுகின்றது.

அமெரிக்காவிலே 1990களில் இவ்வினா வணிக வினாவாகவே மாறிற்று. 1996 இல் மட்டெல் நிறுவனம் வெளியிட்ட ‘பார்பி ஆடை வடிவமைப்பாளர்’, கணினியில் உடை வரைந்து, அதனைத் துணித்தாளில் அச்சிட்டுப் பொம்மைக்கு அணிவிக்கும் வாய்ப்பை அளித்தது. முதலிரண்டு மாதங்களிலேயே 5 இலட்சத்துக்கு மேற்பட்ட பிரதிகள் விற்பனையாயின. அதே ஆண்டிலே பிறெண்டா லோறல் ‘பேப்பிள் மூன்’ என்ற நிறுவனத்தை ஆரம்பித்தார். அவர் வணிக நோக்கு மட்டுமே கொண்டவரல்லர். பிள்ளைகள் விளையாடும் முறைகளைப் பல ஆண்டுகள் நேரிலே ஆராய்ந்தவர். சிறுமியர் போட்டியையும் புள்ளிகளையும் விடத் தோழமை, உறவு, மனவுணர்ச்சி ஆகியவற்றிலேயே நாட்டமுடையோர் என்ற முடிபினடியாக அவருடைய ஆட்டங்கள் எழுந்தன. புதிய பாடசாலைக்குச் செல்லும் றொக்கற் என்னும் சிறுமியின் கதை அவற்றுள் ஒன்று. நிறுவனம் 1999 இல் மூடப்பட்டு மட்டெலின் கைக்கே போய்ச் சேர்ந்தது. 2000 ஆம் ஆண்டில் வெளிவந்து பெருந்தொகையான பெண்கள் ஆடிய ‘சிம்ஸ்’ ஆட்டமோ பெண்களை மனத்திற்கொண்டு தொடங்கப்பட்டதன்று. 1991 இல் ஓக்லாந்துப் பெருந்தீயிலே தமது வீட்டை இழந்த வில் றைற், வீட்டை மீளக் கட்டியெழுப்பிய அனுபவத்திலிருந்து அக்கருவைப் பெற்றார்.

இம்முயற்சிகள் யாவும், சிம்ஸ் நீங்கலாக, ஒரே வினாவினின்று புறப்பட்டவை: பெண்களுக்கு எது பிடிக்கும்? இவ்வினாவிலேயே பிழை உண்டு. பெண் என்பவள் ஏலவே தீர்மானிக்கப்பட்ட சில விருப்பங்களின் தொகுதி என்று அது கொள்கின்றது. லோறலின் ஆய்வு நேர்மையானதே. ஆயினும் ஒரு நாட்டில், ஒரு காலத்தில், ஒரு வகுப்பிலே சிறுமியர் எவ்வாறு வளர்க்கப்பட்டார்களோ அதனையே அவ்வாய்வு கண்டது. கண்டதைப் பெண்ணின் இயல்பென்று கொண்டது.

நமது நாட்டின் சான்றொன்றே இதனைத் தகர்க்கப் போதுமானது. பல்லாங்குழி தமிழ்ப் பெண்களின் ஆட்டமாகவே நெடுங்காலம் இருந்து வந்துள்ளது. சிங்களவரிடையே சித்திரைப் புத்தாண்டில் ஆடப்படும் ‘ஒலிந்தக் கெளிய’ அதற்கு இனமானது. குன்றிமணியே அவர்கள் வழங்கும் ஒலிந்த விதை. பக்கத்துக்கு ஏழாகப் பதினான்கு குழிகள். புளியங்கொட்டையோ சோகியோ கைக்கு அகப்பட்ட காய்கள். எக்குழியில் எடுத்தால் எக்குழியில் முடியும், எதிராளியின் குழியிலே நான்கு சேர்ந்து ‘பசு’வாவதை எவ்வாறு தடுப்பது என்று மனத்துள்ளே எண்ணிக்கொண்டிருக்க வேண்டும். இறுதியில் ஒருத்தி வெல்வாள். மற்றவள் வெறுங்குழியுடன் எழுந்து போவாள். கொக்கான் வெட்டுவதிலும் விரைவும் குறியும் இன்றி வெற்றி இல்லை. பெண்கள் போட்டியை விரும்பார் என்ற முடிபு இக்குழிகளினருகே ஒருநாள் அமர்ந்திருந்தால் எழுந்திராது. உறவாடலும் கடும்போட்டியும் ஒரே திண்ணையில், ஒரே நேரத்தில் நிகழ்ந்தன என்பதே உண்மை.

ஆதலின் வினாவை வேறுவிதமாகக் கேட்க வேண்டியுள்ளது. எவருடைய திறன் தேர்ச்சிக்குரியதாக, அதாவது கற்றுப் பிழைத்து மீண்டும் முயன்று பெறத்தக்க அறிவாக, ஆட்டத்திலே மதிக்கப்படுகின்றது? கதாநாயகியைக் கொண்டுவந்து நிறுத்துவதனால் மட்டும் இவ்வினாவுக்கு விடை கிடையாது. 2020 இல் இந்தியாவில் ஆக்கப்பட்ட ‘ராஜி’ என்ற விளையாட்டிலே, தம்பியைத் தேடிச் செல்லும் சிறுமி கையிற் சூலம் ஏந்துகின்றாள். காட்சியழகு மிக்க படைப்பு. ஆனால் அவள் செய்யும் தொழில், வேறு ஆட்டங்களில் ஆண் வீரர் செய்துவந்த அதே தொழிலாகிய போரே.

வெண்பாவின் முதன்மை இங்கேதான் உளது. அவ்வாட்டத்தின் மையப்பொருள் வெண்பா தன் தாயிடமிருந்து பெற்ற சமையற் குறிப்புப் புத்தகம். அதன் தாள்கள் கிழிந்தும் கறைபட்டும் உள்ளன. அழிந்துபோன வரிகளை ஊகித்து நிரப்புவதே ஆட்டக்காரரின் வேலை. இட்லித் தட்டுக்களை ஒன்றன்மேலொன்றாக அடுக்கும்போது மேற்றட்டின் துளைகள் கீழ்த்தட்டின் குழிகளுக்கு நேரே வருமாறு மாற்றி வைத்தாலன்றி ஆவி எல்லா மாவிலும் பரவாது. இஃது ஆட்டத்தின் முதற் புதிர். பொறியியல் வகுப்பொன்றிற் கேட்கத்தக்க இவ்வினாவை நாடோறும் காலையிலே விடுவித்து வரும் பெண்கள், அதனை ஓர் அறிவென்று எவரும் கூறக் கேட்டதில்லை. பிழையாகச் செய்தால் ஆட்டம் கண்டிப்பதில்லை, புள்ளி குறைவதில்லை, மீண்டும் செய்யலாம். இட்லி அவிப்பதும் விடுவிக்க வேண்டிய புதிரே என்று காட்டியது சிறிய செயலன்று. இவாத்தானியின் பெண்கள் உண்டார்கள். வெண்பாவோ அறிந்து செய்கின்றாள்.

மறுபுறத்திலே, பெண்ணை மீண்டும் அடுப்படிக்கே அனுப்புகின்றது என்று இப்படைப்பின்மீது குற்றஞ்சாட்டுதல் எளிது. அக்குற்றச்சாட்டு முற்றும் பொருந்துவதன்று. ஆனால் அதன் அருகிலே வேறொரு குற்றச்சாட்டு உண்டு, அது பொருந்துகின்றது. அதனைப் புட்டு அவிக்கும் அத்தியாயத்திலே காணலாம்.

கல்முனை தொடக்கம் ஒலுவில், அக்கரைப்பற்று ஈறாக இக்கரையோர ஊர்களில் வாழும் எவருக்கும் புட்டைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆட்டத்திலே, குழலின் அடியில் வில்லையை வைப்பதும், மாவையும் தேங்காய்ப்பூவையும் மாறிமாறி இடுவதும் எவ்வரிசையில் நிகழ வேண்டும் என்பதே புதிர். வரிசை சரியானால் புட்டுச் சரி. உண்மையிலே புட்டின் வெற்றி தோல்வி அவ்வரிசையில் இல்லை. வறுத்த மாவிலே தண்ணீரைத் தெளித்து விரல் நுனியாற் பிசறும்போது, எப்பொழுது நிறுத்துவது என்பதிலே உளது. ஒரு கை நீர் கூடினால் களி; குறைந்தால் வெறும் மா. பிடித்தால் நிற்கவும் உதிர்த்தால் உதிரவும் வேண்டிய அப்பதத்தை உம்மாமார் அளவுக் கோப்பையிற் பார்ப்பதில்லை, கையிலே பார்க்கின்றனர். கைப்பக்குவம் என்று நாம் வழங்குவது இதனையே. திரைக்கு விரல் நுனி இல்லை. ஆகையால் வெண்பா ஆட்டம், சொல்லில் அடங்கும் அறிவை மட்டுமே பெண்ணறிவாகக் காட்டி, சொல்லில் அடங்காததை விட்டுவிடுகின்றது. கருவியின் இயலாமை இது என்று அமைதி கூறலாம். ஆனால் இயலாமையைப் படைப்பு உணர்ந்துள்ளதா என்பது விமர்சகர் கேட்க வேண்டிய கேள்வி. புத்தகத்தின் அழிந்த வரிகளை நிரப்பினால் தாயின் சமையல் முழுமையாக மீண்டுவிடும் என்றே ஆட்டம் நம்புகின்றது.

இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. வெண்பாவின் வாழ்விலே சமையல் மட்டும் இருக்கவில்லை. கல்விக்கேற்ற வேலை கிடையாமை, அந்நிய நாட்டின் ஏளனம், மகன் மொழியை விட்டு விலகிச் செல்வதைக் கண்டும் தடுக்க இயலாமை ஆகிய அனைத்தும் அவள் கதையில் உண்டு. ஆனால் அவையெல்லாம் உரையாடலிலே சொல்லப்படுகின்றன. சமையல் ஒன்றே ஆடப்படுகின்றது. விளையாட்டு என்னும் கலைவடிவிலே எது ஆடப்படுகின்றதோ அதுவே படைப்பின் நெஞ்சம். வேலை தேடி அலையும் வெண்பாவின் புதிரை விடுவிக்குமாறு ஆட்டக்காரர் ஒருபோதும் கேட்கப்படுவதில்லை. அத்துயரத்தை அவர் வாசித்துக் கடந்துவிட்டு அடுத்த சட்டிக்குச் செல்கின்றார். வானொலியில் ஒவ்வொரு பத்தாண்டின் திரையிசைப் பாங்கிலும் அமைந்த பாடல்கள் ஒலிக்க, சமையல் இன்பமாகவே நிகழ்கின்றது. அலுப்பு என்ற ஒன்று அடுப்படியில் உண்டென்பதை இவ்வாட்டத்திலிருந்து அறிய முடியாது.

மூன்றாவதாக, பிற்பகுதியில் ஆட்டக்காரர் கவினாகின்றார். தமிழைத் தட்டுத்தடுமாறி வாசிக்கும் மகன், தாயின் குறிப்புக்களைப் பார்த்துத் தானே சமைக்க முயல்கின்றான். உத்தி என்ற வகையில் இஃது ஆட்டத்தின் மிகச் சிறந்த இடம். மொழியிழப்பு எத்தகையது என்பதை ஆட்டக்காரர் தம் கையாலேயே அறிகின்றார். ஆயினும் குடியேறியோர் கதைகள் எப்பொழுதும் பிள்ளைகளின் பக்கத்திலிருந்தே சொல்லப்படுகின்றன, பெற்றோரின் பக்கத்திலிருந்து ஒன்று வேண்டும் என்பதே நெறியாளரின் தொடக்க நோக்கமாக இருந்தது. அந்நோக்கம் இவ்விடத்திலே தளர்கின்றது. வெண்பா ஆடும் கையாக இருந்த நிலை மாறி, மகன் நினைவுகூரும் பொருளாகிவிடுகின்றாள்.

இத்தளர்ச்சிக்கு, படைத்தவர் ஆண் என்பதை மட்டும் காரணமாகக் காட்டுவது மேலோட்டமான விமர்சனமாகும். எனினும் ஆக்குவோர் யார் என்பது அற்பமான வினாவும் அன்று. 1980 இல் ‘மிஸ்ரரி ஹவுஸ்’ என்ற ஆட்டத்தைத் தமது வீட்டுச் சமையலறை மேசையிலிருந்தே திட்டமிட்ட றொபேட்டா வில்லியம்ஸ், 1988 இல் தமது ‘கிங்ஸ் குவெஸ்ற்’ தொடரின் நான்காம் பாகத்திலே ரொசெல்லா என்னும் பெண்ணைத் தலைமைப் பாத்திரமாக்கினார். சமையலறை அவருக்கு ஆக்கம் நிகழும் இடமாயிருந்ததேயன்றி ஆக்கத்தின் பொருளாக இருக்கவில்லை. இக்கிழக்குக் கரையிலே முஸ்லிம் பெண்கள் கவி கட்டியதும் இவ்வாறே. நெல் குற்றும்போதும் பாய் இழைக்கும்போதும் அவர்கள் வாயிற் பிறந்தது உலக்கையைப் பற்றிய கவி மட்டுமன்று. காதலும் பிரிவும் வசையும் அங்கே பிறந்தன.

வெண்பா காட்டும் புலப்பெயர்வு குடும்பமாகச் செல்லும் புலப்பெயர்வு. இப்பிரதேசம் அறிந்த புலப்பெயர்வு வேறு. மத்திய கிழக்குக்கு வீட்டுப் பணிப்பெண்ணாகச் சென்ற தாய் பிறர் வீட்டு அடுப்படியிலே நிற்க, இங்கே அவள் வீட்டு அடுப்படியிலே மூத்த மகள் நிற்கின்றாள். அவளிடம் கிழிந்த சமையற் புத்தகமும் இல்லை. உம்மாவுக்கு எழுதிவைக்கும் வழக்கம் இல்லை. வெள்ளிக்கிழமை வரும் தொலைபேசி அழைப்பிலே, மாவுக்கு எவ்வளவு தண்ணீர் என்று மகள் கேட்கின்றாள். கை சொல்லும் என்கின்றாள் தாய். கனடாவின் சமையலறையை அத்துணை நுட்பமாக வரைந்த இப்படைப்பிலே அவ்விருவருக்கும் இடமில்லை.