பிள்ளை யாரிடம் பேசுகின்றது?
‘தன்மையப் பேச்சு’ என்ற எண்ணக்கரு பற்றிய ஒரு விமர்சன நோக்கு

முன்பள்ளி ஆசிரியர் பயிற்சிக்கென எழுதப்படும் கைந்நூல்களில் பிள்ளை விருத்தி தொடர்பான எண்ணக்கருக்கள் பெரும்பாலும் ஒரு பட்டியலாகவே இடம்பெறுகின்றன. பியாஜேயின் நான்கு பருவங்கள், வைகொட்ஸ்கியின் அண்மை விருத்தி வலயம், மொண்டிசோரியின் உணர்திறன் காலங்கள் ஆகியன வரைவிலக்கணங்களோடு ஒன்றன்பின் ஒன்றாகத் தரப்படுகின்றன. பயிலுநர் அவற்றை மனனம் செய்து பரீட்சையில் எழுதிவிடுகின்றார். ஆனால், இவற்றுள் சில ஒன்றையொன்று மறுத்து எழுந்தவை என்பதும், எதனை ஏற்கின்றோம் என்பதைப் பொறுத்தே வகுப்பறையில் பிள்ளை நடத்தப்படும் விதம் மாறுகின்றது என்பதும் அப்பட்டியலுள் மறைந்துபோகின்றன. இவ்வுண்மையை ஓர் எண்ணக்கருவின் வரலாற்றைக் கொண்டு விளக்க முற்படுகின்றோம். ‘தன்மையப் பேச்சு’ என்பதே அது.

நான்கு அல்லது ஐந்து வயதுப் பிள்ளையொன்று மரக்கட்டைகளை அடுக்கிக்கொண்டிருக்கின்றது. “இத இங்க வைப்பம்… இது பெரிசு… விழப்போகுது” என்று சொல்லிக்கொண்டே அடுக்குகின்றது. அதனருகில் இருப்போர் அதற்குப் பதில் கூற வேண்டுமென அது எதிர்பார்ப்பதில்லை. பெற்றோர் அனைவரும் அறிந்த காட்சி இது. இப்பேச்சு எதற்காக நிகழ்கின்றது? இவ்வினாவை முறையான ஆய்வுக்கு உட்படுத்திய முன்னோடி சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த ஜீன் பியாஜே ஆவார்.

ஜெனீவா நகரின் ரூசோ நிறுவனத்தோடு இணைந்திருந்த சிறார் பள்ளியில், ஆறு வயதுடைய சிறுவர் இருவரின் பேச்சு ஏறத்தாழ ஒரு மாத காலம் சொல் பிசகாமல் பதிவு செய்யப்பட்டது. ஒவ்வொருவரிடமிருந்தும் ஏறத்தாழ 1500 கூற்றுகள் திரட்டப்பட்டன. 1923இல் வெளிவந்த தமது நூலில் பியாஜே அவற்றை வகைப்படுத்தினார். கேட்டதைத் திருப்பிக் கூறல், தனிமொழி, பிறர் அருகிலிருக்க அவர்களை நோக்காது பேசும் கூட்டுத் தனிமொழி ஆகிய மூன்றையும் அவர் தன்மையப் பேச்சு என்றார். மொத்தக் கூற்றுகளில் அது ஏறத்தாழ 38 சதவீதமாக இருந்தது. பிள்ளை இன்னும் பிறரது நோக்கு நிலையில் தன்னை வைத்துப் பார்க்க இயலாதிருப்பதன் அடையாளமே இப்பேச்சு என்பது அவரது விளக்கம். அவரது கருத்தில் இதற்கெனத் தனியான பயன்பாடு எதுவுமில்லை. சமூகமயமான பேச்சு வளர வளர, ஏழு அல்லது எட்டு வயதளவில் இது தேய்ந்து மறைந்துவிடும்.

பியாஜேயின் பணியை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. பிள்ளையின் விடை சரியா பிழையா என்பதோடு நின்றுவிடாது, அது ஏன் அவ்வாறு கூறுகின்றது எனக் கேட்டவர் அவர். எனினும், அவரது விளக்கத்தில் ஒரு முற்கோள் மறைந்திருந்தது. பிள்ளை தனக்குள் ஒடுங்கிய நிலையிலிருந்து தொடங்கிப் படிப்படியாகவே சமூகத்தை வந்தடைகின்றது என்பதே அம்முற்கோள். இவ்வாறு கொண்டால், தன்னோடு பேசும் பிள்ளை இன்னும் வந்துசேராத பிள்ளையாகவே தோன்றும்.

இம்முற்கோளையே மொஸ்கோவைச் சேர்ந்த லெவ் வைகொட்ஸ்கி கேள்விக்குட்படுத்தினார். பியாஜேயின் நூல் 1932இல் ருஷ்ய மொழியில் வெளிவந்தபோது அதற்கு எழுதிய முன்னுரையிலேயே அவர் தமது மறுப்பை முன்வைத்தார். 1934இல், 37ஆவது வயதில், காசநோயால் அவர் மரணமடைந்தார். அவ்வாண்டிலேயே வெளிவந்த ‘சிந்தனையும் பேச்சும்’ என்ற நூலில் அம்மறுப்பு விரிவாக இடம்பெற்றுள்ளது.

வைகொட்ஸ்கியும் அவரது சகாக்களும் செய்த பரிசோதனை எளிமையானது. பிள்ளை சித்திரம் வரைய ஆயத்தமாகும்போது தேவையான வர்ணப் பென்சிலோ கடதாசியோ இல்லாதவாறு செய்தனர். தடையின்றி வரையும்போது இருந்ததைவிட இத்தகைய இடர்ப்பாட்டின்போது தன்மையப் பேச்சு ஏறத்தாழ இரு மடங்கானது. ஐந்தரை வயதுப் பிள்ளையொன்று டிராம் வண்டியை வரைந்துகொண்டிருக்கையில் பென்சில் முனை முறிந்தது. “உடைந்துவிட்டது” என முணுமுணுத்த பிள்ளை, பென்சிலை வைத்துவிட்டு நீர்வர்ணத்தை எடுத்து, விபத்தில் உடைந்த டிராம் ஒன்றை வரையத் தொடங்கியது. இங்கு அச்சொல் செயலைத் தொடர்ந்து வந்த வெற்று ஒலியன்று. அடுத்த செயலைத் தீர்மானித்ததே அதுதான்.

மற்றொரு பரிசோதனையில், செவிப்புலனற்ற பிள்ளைகளோடும் வேற்று மொழி பேசும் பிள்ளைகளோடும் பிள்ளையை இருத்தினர். தன்மையப் பேச்சு பிறரைப் பொருட்படுத்தாத ஒன்றாயின் அது மாற்றமின்றித் தொடர்ந்திருக்க வேண்டும். மாறாக, பெரும்பாலான பிள்ளைகளிடம் அது முற்றாக நின்றுவிட்டது. பிறர் தன்னை விளங்கிக்கொள்கின்றனர் என்ற உணர்வில்தான் பிள்ளை தன்னோடு பேசுகின்றது. அதாவது, பேச்சு ஆரம்பத்திலேயே சமூகத் தன்மை கொண்டது. பிறரோடு பேசப் பயன்பட்ட கருவியைப் பிள்ளை பின்னர் தன்னை வழிநடத்தவும் பயன்படுத்திக்கொள்கின்றது.

அவ்வாறாயின் அப்பேச்சு மறைவதை எவ்வாறு விளங்குவது? விரல்விட்டு உரத்து எண்ணிய பிள்ளை மௌனமாக எண்ணத் தொடங்கும்போது எண்ணுதல் அழிந்துவிட்டதென நாம் கூறுவதில்லை. அது மனத்துள் சென்றுவிட்டது என்றே கூறுகின்றோம். தன்மையப் பேச்சும் அவ்வாறே அகப்பேச்சாக, சிந்தனையின் கருவியாக மாறுகின்றது என்றார் வைகொட்ஸ்கி. ஒரே தோற்றப்பாட்டைக் கண்ட இருவருள் ஒருவர் அதில் குறைபாட்டைக் கண்டார். மற்றவர் வேலை செய்துகொண்டிருக்கும் அறிவைக் கண்டார்.

வைகொட்ஸ்கியின் வாதமும் விமர்சனத்துக்கு அப்பாற்பட்டதன்று. தமது பரிசோதனைகளைச் சுருக்கமாகவே அவர் விவரித்துள்ளார். இன்றைய ஆய்வொழுங்கு வேண்டும் விரிவான தரவு அட்டவணைகள் அந்நூலில் இல்லை. மேலும், 1936இல் சோவியத் அரசு பிள்ளையியல் ஆய்வுகளைத் தடைசெய்ததன் பின் அவரது எழுத்துக்கள் இருபது ஆண்டுகள் வரை புறந்தள்ளப்பட்டன. 1962இல் ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவந்த வேளையிலேயே பியாஜே இம்மறுப்புக்குப் பதிலெழுதினார். தன்மையப் பேச்சு அகப்பேச்சின் தொடக்கம் என்பதை அதில் ஏற்றுக்கொண்ட அவர், பிள்ளைச் சிந்தனையின் தன்மையம் என்ற தமது அடிப்படைக் கருத்தைக் கைவிடவில்லை. எதிர்த்தரப்பின் வலுவான பகுதியை ஏற்ற அப்பண்பு அறிஞருக்கு உரியதேயாகும்.

பின்வந்த ஆய்வுகள் இவ்விவாதத்தை மேலும் தெளிவுபடுத்தின. 1968இல் லோரன்ஸ் கோல்பேர்க்கும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வில், இப்பேச்சு தொடக்கம் முதலே தேய்ந்து வராமல், முதலில் ஏறிப் பின்னர் இறங்குவது கண்டறியப்பட்டது. அறிவுத்திறன் மிக்க பிள்ளைகளிடம் அது நான்கு வயதளவிலேயே உச்சத்தை அடைந்தது. ஏனையோரிடம் அதற்குப் பின்னரே அடைந்தது. வெறும் முதிர்ச்சியின்மையின் அடையாளமாக இருந்திருப்பின், அது ஏறி இறங்க வேண்டிய அவசியமில்லை. இதன் விளைவாக, ‘தன்மையப் பேச்சு’ என்ற பெயரே ஆய்வுலகில் வழக்கொழிந்து, ‘தனக்கான பேச்சு’ என்ற பொருள்தரும் பெயர் நிலைபெற்றது.

தன்மையம் என்ற பரந்த கருத்தும் இதே காலத்தில் சோதனைக்குள்ளாயிற்று. மூன்று மலைகளின் மாதிரியைக் காட்டி, எதிர்ப்புறம் இருக்கும் பொம்மைக்கு அவை எவ்வாறு தோன்றும் எனக் கேட்டபோது சிறு பிள்ளைகள் தடுமாறினர் என்பது பியாஜேயின் புகழ்பெற்ற முடிவு. எடின்பரோவில் மார்ட்டின் ஹியூஸ், இரு பொலிஸ்காரப் பொம்மைகளின் பார்வையிலிருந்து ஒரு சிறுவன் பொம்மையை ஒளித்துவைக்குமாறு கேட்டார். மூன்றரை வயது முதல் ஐந்து வயது வரையான பிள்ளைகளின் விடைகளில் ஏறத்தாழ 90 சதவீதம் சரியாயின. ஒளித்து விளையாடுவதன் நோக்கம் பிள்ளைக்கு விளங்கும். மலைக்காட்சியைத் தெரிவு செய்வதன் நோக்கம் விளங்காது. 1978இல் மார்கரட் டொனால்ட்சன் எழுதிய நூல் இவ்வுண்மையை வலியுறுத்துகின்றது. பிள்ளையின் இயலாமை என நாம் கணிப்பது, சில வேளைகளில் நமது வினாவின் இயலாமையாகவும் இருக்கலாம்.

இனி நமது முன்பள்ளிகளின்பால் பார்வையைத் திருப்புவோம். அங்கு இருவகைக் குரல்களுக்கே பெரும்பாலும் இடமுண்டு. ஒன்று ஆசிரியையின் குரல். மற்றையது அனைவரும் சேர்ந்து பாடும் அல்லது ஒப்புவிக்கும் குரல். வேலையில் ஈடுபட்டிருக்கும் தனிப்பிள்ளையின் முணுமுணுப்பு இரைச்சலாகவே கொள்ளப்படுகின்றது. “வாயில் விரல் வையுங்கள்” என்ற கட்டளை ஒழுக்கப் பயிற்சியாகக் கருதப்படுகின்றது. அமைதியான வகுப்பே சிறந்த வகுப்பு எனப் பெற்றோரும் எண்ணுகின்றனர். ஆனால், இடர்ப்பாட்டின்போதே அப்பேச்சு மிகுகின்றது என்பதை ஏற்போமாயின், பிள்ளைக்கு அது மிகவும் தேவைப்படும் தருணத்திலேயே நாம் அதன் வாயை மூடுகின்றோம் என்பதையும் ஏற்றாக வேண்டும். அம்முணுமுணுப்பு ஆசிரியைக்குக் கிடைக்கும் சிறந்த தகவலுமாகும். பிள்ளை எங்கே தடுமாறுகின்றது, எந்த வழியை முயல்கின்றது என்பதை எந்தப் பரீட்சையும் அவ்வளவு தெளிவாகக் கூறாது.

இதனினும் பாரதூரமானது மொழி பற்றிய பிரச்சினையாகும். வீட்டு மொழியைத் தடுத்து, மூன்று வயது முதல் ஆங்கிலத்தில் மட்டுமே பேச வேண்டுமெனப் பணிக்கும் முன்பள்ளிகள் பெருமைக்குரியனவாக எண்ணப்படுகின்றன. இரண்டாம் மொழி கற்பதை நாம் எதிர்க்கவில்லை. இளமையிலேயே அதனைச் செவிமடுப்பது நன்மையே. ஆனால், சில பாடல்களையும் சில நிறங்களின் பெயர்களையும் மட்டுமே அறிந்த ஒரு மொழியில் பிள்ளை தனது செயலைத் திட்டமிட இயலாது. “இது பெரிசு, விழப்போகுது” என்று தனக்குக் கூறிக்கொள்ளும் மொழி தாயின் மொழியே. அதனைத் தடுப்பதால் பிள்ளை விரைவாக ஆங்கிலத்தில் சிந்திக்கத் தொடங்கிவிடுவதில்லை. சிந்தனைக்கான ஊன்றுகோலின்றி நிற்கின்றது.

பிறர் தன்னோடு பேசிய விதத்திலேயே பிள்ளை தன்னோடு பேசக் கற்கின்றது. கட்டளைகளை மட்டுமே கேட்டு வளரும் பிள்ளை தனக்கும் கட்டளைகளையே இட்டுக்கொள்ளும். “ஏன் விழுந்தது? வேறு எப்படி வைக்கலாம்?” என்று கேட்கப்பட்ட பிள்ளை நாளை அவ்வினாக்களைத் தன்னிடமே கேட்டுக்கொள்ளும். ஆகவே, ஆசிரியர் பயிற்சியில் ‘தன்மையப் பேச்சு என்றால் என்ன?’ என வரைவிலக்கணம் கேட்பதோடு அமையாது, பயிலுநரை ஒரு பிள்ளையின் அருகில் அரை மணி நேரம் அமர்த்தி, அது தனக்குத்தானே கூறுவதனைத்தையும் எழுதி வரப் பணிக்க வேண்டும். பியாஜே தொடங்கிய பணியும் அதுவே; வைகொட்ஸ்கி அவரை மறுக்க உதவியதும் அவ்வாறு செவிமடுத்துப் பெற்ற சான்றுகளே.