இரு கரைகளில் கலைப்படிப்பு

சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் தொடங்கியது. அதன் முதல் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் யாழ்ப்பாணத்தார். வட்டுக்கோட்டைச் செமினரியில் பயின்றவர்கள். அமெரிக்க மிஷன் 1823இல் நிறுவிய அந்தக் கல்விக்கூடத்தில் தமிழ் இலக்கணம், ஆங்கிலம், கணிதம், வானியல் எல்லாவற்றையும் ஒரே மாணவன் கற்றான். விசுவநாதபிள்ளை தமிழில் வீசகணித நூல் எழுதினார். தாமோதரம்பிள்ளை ஏடுகளை ஒப்புநோக்கிப் பழந்தமிழ் நூல்களை அச்சேற்றினார். பல துறைகளில் பழகிய மனம் சான்று கேட்கும், பிறர் வாதத்தை எடைபோடும், தன் முடிவைத் தெளிவாக எழுதும். கலைப்படிப்பின் நோக்கம் அப்படிப்பட்ட மனத்தை உருவாக்குவதே. இன்று அந்தப் படிப்பு பாக்கு நீரிணையின் இரு கரைகளிலும் எப்படி நடக்கிறது?

யாழ்ப்பாணத்தில் உயர்தரப் பரீட்சை எழுதிய பிள்ளையிடம் ஊரார் கேட்பது, "கம்பஸ் கிடைச்சிட்டுதோ?" தமிழ்நாட்டில் கேட்பது, "என்ன மேஜர்?" இரண்டு முறைகளின் வேறுபாடும் இந்த இரண்டு கேள்விகளிலேயே தெரிந்துவிடுகிறது.

இலங்கையில் வாசல் ஒடுக்கம். உயர்தரப் பரீட்சையின் தரப்படுத்திய மதிப்பெண்ணான இசட் புள்ளி போதாவிட்டால் அரச பல்கலைக்கழகம் இல்லை. உள்ளே போய்விட்டாலோ கட்டணம் கிடையாது. கல்வியமைச்சர் கன்னங்கராவின் காலத்தில், 1945இல், வந்த இலவசக் கல்வியின் கொடை அது. கலைப்பீடத்து முதலாம் ஆண்டு மாணவி பொதுவாக மூன்று பாடங்கள் படிக்கிறாள். வரலாறும் மெய்யியலும் புவியியலும் ஒருங்கே அவள் மேசைக்கு வருகின்றன. ஓராண்டு பழகிய பிறகுதான் சிறப்புப் பாடம் தீர்மானமாகிறது. சிறப்புப் பட்டம் படிப்பவர்களுக்கு நான்காம் ஆண்டில் ஆய்வேடு. அதற்காக ஊர்க்கோயில் கல்வெட்டைத் தேடிப் போகிறவர்களும், மீனவர் சங்கத்துப் பதிவேட்டைப் புரட்டுகிறவர்களும் உண்டு. பிறர் எழுதிய நோட்ஸை ஒப்பிக்கும் பழக்கம் அங்கேதான் உடைகிறது.

தமிழ்நாட்டில் வாசல் அகலம். வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் அரசுக் கலைக்கல்லூரி இருக்கிறது, கட்டணம் சொற்பம். அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்கு 2022 முதல் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாயும் கிடைக்கிறது. குடும்பத்தின் முதல் பட்டதாரியை உருவாக்குவதில் இந்தக் கல்லூரிகள் செய்த பணி மிகப் பெரியது. ஆனால் மேஜர், அதாவது முதன்மைப் பாடம், விண்ணப்பப் படிவத்திலேயே முடிவாகிவிடுகிறது. பதினேழு வயதில் எழுதிய ஒரு சொல் மூன்றாண்டுகளையும் ஆள்கிறது. துணைப்பாடமும் பெரும்பாலும் துறை தீர்மானிப்பதே. இணைப்புக் கல்லூரிகளில் பாடத்திட்டம் பல்கலைக்கழகத்திலிருந்து வருகிறது, வினாத்தாளும் அங்கிருந்தே. கற்பிக்கும் ஆசிரியருக்கு இவற்றில் பங்கு குறைவு. கடந்த ஆண்டுகளின் வினாத்தாள்களை மனப்பாடம் செய்தவர் தேறிவிடுகிறார்.

என்றாலும் தமிழ்நாட்டிடம் ஓர் அருமையான வழக்கம் இருக்கிறது: பகுதி ஒன்றாகப் பெரும்பாலும் தமிழ், பகுதி இரண்டாக ஆங்கிலம். தமிழை எடுத்தால் இயற்பியல் படிப்பவனும் கல்லூரி வகுப்பில் சங்கப் பாடலைப் படித்தாக வேண்டும். இலங்கையில் விஞ்ஞானப் பிரிவுக்குப் போகும் மாணவன் சாதாரணதரப் பரீட்சையோடு தமிழ் இலக்கியத்தை விட்டுவிடுகிறான். பொறியியலாளராகவோ மருத்துவராகவோ வரப்போகிறவனுக்கு வரலாறும் இலக்கியமும் அங்கே பதினாறு வயதில் முடிந்துபோகின்றன. இது பெரிய இழப்பு என்றே நான் கருதுகிறேன்.

மொழியிலும் இரு கரைகளுக்கும் ஆளுக்கொரு குறை. இலங்கையில் கலைப்பாடங்களைத் தாய்மொழியில் ஆழமாகப் படிக்க முடிகிறது; ஆங்கில நூல்களை எட்டாத மாணவருக்கு வாசிப்பு சுருங்கிவிடுகிறது. தமிழ்நாட்டில் ஆங்கிலவழி பரவலாக உண்டு. அங்கே சிந்திப்பது தமிழிலும் தேர்வு எழுதுவது மனப்பாட ஆங்கிலத்திலும் ஆகிவிடுகிறது.

விருப்பம்போல் பல துறைகளைக் கலந்து படிக்கும் முறை இந்தியாவில் புதிதாக வந்திருக்கிறது. சோனிபட்டில் அசோகா பல்கலைக்கழகம் 2014இலும், சென்னைக்கு வடக்கே ஸ்ரீசிட்டியில் கிரியா பல்கலைக்கழகம் 2018இலும் தோன்றின. முறை நல்லது. ஆனால் கட்டணம் ஆண்டுக்குப் பல இலட்சம். உதவித்தொகை கிடைக்காத கூலித் தொழிலாளியின் மகளுக்கு அந்த வாசல் திறக்காது. பரந்த படிப்பு வசதி படைத்தவர்களின் சொத்தாகிவிட்டால் அதன் நோக்கமே தோற்றுவிடும்.

வேலை என்னாகும் என்ற கேள்வி இரு கரையிலும் ஒன்றுதான். இலங்கையில் வேலையற்ற பட்டதாரிகள் தெருவில் இறங்குவதும், அரசு அவர்களை அபிவிருத்தி உத்தியோகத்தர்களாகச் சேர்த்துக்கொள்வதும் திரும்பத் திரும்ப நடக்கின்றன. பெற்றோரின் கவலை நியாயமானது. கலைப்பட்டதாரிக்கு ஆங்கிலமும் கணினியும் கட்டாயம் வேண்டும். அதற்காகக் கலைப்படிப்பையே சுருக்கினால் நாம் இழப்பது என்ன என்பதை இலங்கையின் பேராதனைப் பல்கலைக்கழக வளாகம் காட்டியிருக்கிறது. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் அங்கே மாணவர்களைக் கூத்தாட வைத்தார். கர்ணன் போர், இராவணேசன் போன்ற கூத்துகள் பல்கலைக்கழக மேடை ஏறின. கிராமத்தில் மட்டும் வாழ்ந்த கலை ஆய்வுக்குரியதாகவும் மதிப்புக்குரியதாகவும் ஆனது. அதில் ஆடிய சி. மௌனகுரு பின்னாளில் நுண்கலைத்துறைப் பேராசிரியரானார்.

இலங்கையின் முதலாமாண்டு மூன்று பாடங்களும் ஆய்வேடும் தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளுக்கு வர வேண்டும். தமிழ்நாட்டின் அகன்ற வாசலும், எல்லாத் துறையினருக்குமான இலக்கிய வகுப்பும் இலங்கைக்கு வர வேண்டும். ஒன்றுக்கொன்று கடன் கொடுக்கத்தக்க அளவுக்கு இரண்டிடமும் செல்வம் இருக்கிறது.

தாமோதரம்பிள்ளை பட்டம் பெற்றபின் ஆசிரியராக இருந்தார், அரசுக் கணக்குத் துறையில் பணிபுரிந்தார், நீதிபதியும் ஆனார். கலித்தொகையை அவர் பதிப்பித்தது 1887இல், பட்டம் பெற்று ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு. அந்த வேலையை எந்த அலுவலகமும் அவரிடம் கேட்கவில்லை. கேட்காமலே செய்யத் தோன்றியதும், செய்து முடிக்கத் தெரிந்திருந்ததும் அவர் படித்த படிப்பின் பயன்.