கயிறு பிடிக்கும் கை: பிலே கருவித் தேர்வு குறித்து

பாறையில் ஏறுபவரின் இடுப்புப்பட்டையில் கட்டிய கயிற்றின் மறுபக்கத்தை இன்னொருவர் கையாண்டு, ஏறுபவர் வழுக்கினால் அவரைத் தரையில் விழவிடாமல் நிறுத்தும் பணியைப் பாறையேற்றத்தில் பிலே என்பர். அதற்கென இடுப்புப்பட்டையில் மாட்டும் உலோகக் கருவியே பிலே கருவி. எந்தக் கருவியை வாங்குவது என்பதே இன்று இத்துறைக்குப் புதியவர்களின் முதற்கேள்வியாக இருக்கிறது. கயிற்றை யார் பிடிப்பது என்ற கேள்வியோ அதற்கு மிகவும் மூத்தது. மேற்குத் தொடர்ச்சி மலை அதற்குத் தன் விடையை நெடுங்காலம் முன்பே கண்டுவிட்டது.

கேரளத்தின் மறையூர், காந்தளூர் உள்ளிட்ட அஞ்சுநாட்டு மலைகளில் முதுவரும் மலைப்புலயரும் தேன் எடுப்பதை வாழ்வின் ஒரு பகுதியாகக் கொண்டவர்கள். வடக்கே நீலகிரியில் குறும்பர்கள், காட்டுக்கொடிகளால் முறுக்கிய ஏணியில் செங்குத்துப் பாறைகளில் இறங்கிப் பெருந்தேனீக்களின் அடைகளை அறுக்கின்றனர். அப்போது மேலே கயிற்றைக் காக்கும் பொறுப்பை மைத்துனனிடம், அதாவது இறங்குபவரின் மனைவியோடு உடன்பிறந்தவனிடம், ஒப்படைக்கும் வழக்கம் அவர்களிடையே உண்டு. உடன்பிறந்தவள் கைம்பெண்ணாவதை எவனும் விரும்பமாட்டான் என்பதே அதன் அடிப்படை. கயிறு பிடிப்பவன் கவனம் சிதறாமல் நிற்பதற்கான காரணத்தை உறவிலேயே நிறுவிவிடும் இந்த ஏற்பாடு, நவீனப் பயிற்சி முகாம்கள் பல கோட்டைவிடும் ஒன்றை, கருவிக்கு முன் ஆளைத் தேர்ந்தெடுப்பதை, முதலில் செய்துவிடுகிறது. ஆயினும் அதன் குறையை மறைப்பதற்கில்லை. பாசத்தால் உராய்வு கூடாது. வழுக்கி ஓடும் கயிற்றை வெறுங்கையால் நிறுத்தும் ஆற்றல் எவருக்கும் சில பத்துக் கிலோ எடைக்கு மேல் இராது. எவ்வளவு மனமிருந்தாலும் உடல் தோற்கும் அந்த இடத்தில்தான் கருவிக்கு வேலை பிறக்கிறது.

தொடக்ககால ஏறுநர்கள் கயிற்றைத் தம் இடுப்பைச் சுற்றி ஓடவிட்டு உடலின் உராய்வாலேயே விழுபவரை நிறுத்தினர். 1970ஆம் ஆண்டு வாக்கில் ஜெர்மானியரான ஃபிரிட்ஸ் ஷ்டிக்ட் உருவாக்கிய துளைத்தகடு அந்த உராய்வை உலோகத்திடம் மாற்றியது. இன்றைய டியூப் வகைக் கருவி அதன் வழித்தோன்றலே. கயிற்றை மடித்து டியூபின் துளைக்குள் செருகிக் காரபைனர் என்னும் கொக்கிவளையத்தில் மாட்டிவிட்டால், கீழ்க்கை கயிற்றைப் பின்னோக்கி இழுக்கும்போது கூர்மையான வளைவு ஏற்பட்டு, கையின் சிறுவிசை பன்மடங்காகிறது. ஏறத்தாழ 60 கிராம் எடைதான். அசையும் உறுப்பு ஏதுமில்லை. இரட்டைக் கயிற்றையும் ஏற்கும். அதைக் கொண்டே மலையிலிருந்து இறங்கவும் முடியும். ஆனால் பிரேக் கை எனப்படும் அந்தக் கீழ்க்கை கயிற்றை விட்டுவிட்டால், பிடிப்பவர் தலையில் கல் விழுந்து மயங்கினாலும் சரி, தேனீ கொட்டிக் கையை உதறினாலும் சரி, டியூப் எதையும் நிறுத்தாது.

இக்குறையை நோக்கி எழுந்ததே பிரேக் துணைக் கருவி. பிரான்சின் பெட்ஸல் நிறுவனம் 1991இல் வெளியிட்ட கிரிகிரி இதில் முதன்மையானது. கயிறு திடீரென வேகமாக ஓடினால் உள்ளிருக்கும் சுழல் உருளை திரும்பிக் கயிற்றை நசுக்கிப் பிடிக்கும். கார் இருக்கைப் பட்டை குலுங்கும்போது பூட்டிக்கொள்வதைப் போன்ற செயல் இது. ஆபத்து இதன் கையாளலில் இருக்கிறது. ஏறுபவருக்கு விரைந்து கயிறு விடவேண்டி, பழக்கமற்றவர் உருளையை விரலால் அழுத்திப் பிடித்துக்கொள்கிறார். அந்தக் கணத்தில் ஏறுபவர் விழுந்தால் பூட்டு வேலை செய்யாது. இறக்கும்போது பதறிப்போய் நெம்புகோலை முழுவதுமாக இழுத்துவிடுவதும் அத்தகையதே. 2017இல் வந்த கிரிகிரி பிளஸ், நெம்புகோல் அளவு மீறி இழுக்கப்பட்டால் கயிற்றைத் தானே நிறுத்தும் அமைப்பைச் சேர்த்தது இதற்காகத்தான். எனவே இதைத் தானியங்கி என்று அழைப்பது பிழை மட்டுமன்று, தீங்கும்கூட. பிரேக் கைக்கு விடுமுறை கிடைத்துவிட்டதென்ற எண்ணத்தை அந்த அழைப்பே விதைக்கிறது.

இரு வகைகளுக்கும் இடையே, பலரும் பேசாத மற்றொரு வேறுபாடு உண்டு. டியூபில் பெரிய விழுகையின்போது கயிறு சற்றே நழுவி ஓடுவதால் அதிர்ச்சி தணிகிறது. கிரிகிரியில் அந்த நழுவல் மிகக் குறைவு. ஏற்றத்துக்குரிய ஒற்றை மீள்கயிறு, ஈ.என். 892 என்னும் ஐரோப்பியத் தரச்சோதனையில் 80 கிலோ எடையை நிறுத்துகையில் 12 கிலோநியூட்டனுக்கு மேற்பட்ட விசையைக் கடத்தக் கூடாது. அச்சோதனையில் கயிறு இறுகக் கட்டப்பட்டிருக்குமாதலால், நல்ல கயிறு தன்னளவிலேயே உயிர்காக்கப் போதுமான அளவு மீள்கிறது. ஆனால் பாறைப் பிளவுகளில் கையால் செருகிய தற்காலிகப் பிடிமானங்களை நம்பி ஒருவர் முன்னேறும்போது, அப்பிடிமானம் பிடுங்கிக்கொள்ளுமா நிற்குமா என்பதைக் குறைந்துபோன ஒரு கிலோநியூட்டனும் முடிவுசெய்யக்கூடும். அங்கே, தேர்ந்த கை பிடித்த டியூபே சிறந்தது என்பதில் ஐயமில்லை.

மறையூர்ப் பாறைகளில் ஏற்றத்தின் நிலைமை வேறு. மழைமறைவுப் பகுதியாகிய சின்னாறு–மறையூர் சரிவுகளில் ஈரத்தைவிடப் புழுதியே கயிற்றுக்குப் பெரும்பகை. மணல் ஏறிய கயிறு எந்தக் கருவியின் உலோகத்தையும் அராவும். கிரிகிரியிலோ உருளையின் அசைவுக்கும் அது இடையூறு. சாய்ந்த பாறைப் பரப்புகளில் விழுகை என்பது பெரும்பாலும் சறுக்கலே. கயிறு மேலுள்ள நங்கூரம் வழியே சென்று திரும்பும் மேற்கயிற்று முறையில் அது நீண்ட விழுகையாவதில்லை. கயிறு பிடிப்பவரோ பெரும்பாலும் அன்றுதான் அக்கருவியை முதன்முதலாகத் தொடும் சுற்றுலாப் பயணி. விசை குறைவு, கை புதிது என்ற இந்தச் சேர்க்கையில் டியூபின் மென்மைக்குப் பயன் சிறிது. கை விட்டுப்போவதன் விலையோ ஓர் உயிர். உள்ளரங்கச் சுவர்களில் பிரேக் துணைக் கருவிகளையே பயன்படுத்துமாறு ஜெர்மன் ஆல்பைன் சங்கம் போன்ற ஐரோப்பிய அமைப்புகள் பரிந்துரைப்பதும் இதே கணக்கின் மேல்தான். (நங்கூரத்தைப் பற்றி ஒன்று: முனியறைகள் எனப்படும் பழங்கால ஈமக் கல்லறைகள் நிற்கும் பாறைகளிலும் சந்தன மரங்களிலும் கயிறு கட்டுவது எந்தக் கருவியைக் கொண்டும் நியாயப்படுத்தத் தகாதது.)

இந்தியச் சாகச முகாம்களில் இன்றும் பரவலாகக் காணப்படும் எட்டு வடிவ வளையத்தைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. இறங்குவதற்கு அது உதவும்; பிலேவுக்கு உராய்வு குறைவு, கயிற்றையும் முறுக்கிவிடும். மலிவானது என்பது அதைத் தொடர்ந்து பயன்படுத்தப் போதிய காரணமாகாது.

ஆகவே இம்மலைகளில் புதியவர்களை ஏற்றுவோர், கயிற்றின் தடிமனுக்குப் பொருந்தும் பிரேக் துணைக் கருவியையே வைத்திருக்க வேண்டும்; 2019ஆம் ஆண்டின் கிரிகிரி 8.5 முதல் 11 மில்லிமீட்டர் வரையான ஒற்றைக் கயிறுகளை ஏற்கிறது. அதோடு கயிறு பிடிப்பவருக்குப் பின்னால் பயிற்றுநர் ஒருவர் நின்று கயிற்றின் கடைசிப் பகுதியைத் தம் கையிலும் பிடித்திருக்க வேண்டும். கருவிக்குச் செலவிட்டுவிட்டு அந்த இரண்டாவது ஆளின் கூலியை மிச்சப்படுத்தும் முகாமில் பணம் கட்டுவதற்கு முன், கயிற்றை யார் பிடிப்பார் என்று கேட்டறிவது ஏறவருபவரின் உரிமை. அதைத் தயங்காமல் கேளுங்கள்.