டக்ளசின் தன்வரலாறுகளில் இரு மௌனங்கள்

ஃபிரெடரிக் டக்ளஸ் தம் வாழ்வை 1845, 1855, 1881 என மூன்று முறை நூலாக எழுதினார். பின்னது முன்னதன் விரிவு என்று மட்டும் கொண்டால் ஒரு செய்தி நழுவிவிடும்: 1838 செப்டம்பரில் பால்டிமோரிலிருந்து அவர் தப்பிய விதம் முதலிரு நூல்களில் இல்லை. அடிமை வாழ்வைக் கூறும் தன்வரலாற்றில் வாசகர் எதிர்நோக்கும் உச்சம் அதுவே.

இம்மறைப்பை 1845 நூலின் பதினோராம் இயலில் அவரே அறிவித்துக் காரணமும் தருகிறார். வழியைச் சொன்னால் உதவியோர் சிக்குவர். பின்வருவோர்க்கு அவ்வழி அடைபடும். தப்பிக்கும் வழிகளை ஊரறியப் பேசிய அடிமையொழிப்பு நண்பர்களையும் அவர் கடிந்துகொள்கிறார். ரொட்டி பெற்றுக்கொண்டு தமக்கு எழுத்துக் கற்பித்த வெள்ளைச் சிறுவரின் பெயர்களையும் அந்நூலில் தவிர்க்கிறார்.

தம்மைக் காட்டிக்கொடுக்கும் செய்திகளை அவர் இவ்வாறு மறைக்கவில்லை என்பதே இங்கு நோக்கத்தக்கது. உடைமையாளர் பெயர், மேரிலாந்தில் தாம் வாழ்ந்த இடங்கள் அனைத்தும் வெளிப்படை. சட்டத்தின் கண்ணில் அவர் அப்போது தப்பியோடிய அடிமை. நூல் வெளிவந்த ஆண்டிலேயே கடல் கடந்து பிரிட்டன் செல்ல நேர்ந்தது. 1846 இல் அங்குள்ள நண்பர்கள் பணம் திரட்டி அவரது விடுதலையை வாங்கினர். எனவே 1855 இல் எழுதும்போது அவருக்குப் பழைய உடைமையாளரால் அச்சமில்லை. எனினும் மௌனம் தொடர்கிறது. 1849 இல் பெட்டிக்குள் அடைபட்டு ஃபிலடெல்ஃபியா சேர்ந்த ஹென்றி பாக்ஸ் பிரவுனின் கதை பரவாதிருந்தால் அவ்வழியில் இன்னும் பலர் தப்பியிருப்பர் என அந்நூலில் வருந்துகிறார். இம்மௌனம் தற்காப்பு அன்று, பிறர்க்கான பொறுப்பு என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டியதில்லை.

அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1865 இல். 1881 நூலில் கதை முழுதாக வருகிறது: கப்பலோட்டி உடை, விடுதலை பெற்ற கப்பலோட்டி ஒருவரிடம் இரவல் வாங்கிய சான்றுத்தாள், ஓடத் தொடங்கிய ரயிலில் ஏறியது. தாளிலிருந்த அங்க அடையாளம் அவருக்குப் பொருந்தவில்லை. நடத்துநர் அதை ஊன்றிப் படிக்கவுமில்லை. எழுத்தறிவே விடுதலைக்கு வழி என்று நிறுவிய ஆசிரியர், படிக்கப்படாத ஒரு தாளால் தப்பினார்!

ஆயினும் அங்கும் ஓரிடம் வெறுமையாகவே நிற்கிறது. தப்பிச் சென்ற சில நாள்களில் நியூயார்க்கில் அவர் மணந்த அன்னா மரே, பால்டிமோரில் வீட்டுவேலை செய்து ஈட்டியவர், பிறப்பிலேயே அடிமையல்லர். 1845 நூலில் அச்சான திருமணச் சான்றில் அவர் பெயர் உண்டு. அவர் செய்த உதவி இல்லை. அன்று அதற்கு நியாயம் இருந்தது. 1881 இல் எவரையும் காக்கவேண்டிய தேவையில்லை. சான்றுத்தாளை இரவல் தந்தவர்க்கு அந்நூலில் இடமுண்டு. சேமிப்பைத் தந்தவர்க்கு இல்லை. முதல் மௌனத்தை அறமென ஏற்கும் திறனாய்வு, இவ்விரண்டாம் மௌனத்திற்கும் அதே பெயரைச் சூட்ட இயலாது.

அன்னா 1882 இல் மறைந்தார். 1892 இல் நூல் விரிவாக்கப்பட்டபோதும் அவ்விடம் நிரம்பவில்லை. தாய் தம் சேமிப்பைத் தந்தையின் விடுதலைக்குப் பகிர்ந்த செய்தியை, டக்ளஸ் இறந்து ஐந்தாண்டுகள் கழிந்து, 1900 இல் மகள் ரொசெட்டா ஓர் உரையில் பதிவு செய்தார்.